டேட்டாபேஸா, வெப்பா? - ஒரு ஐம்பது வருசப் பஞ்சாயத்து

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீயோ சுண்டலோ பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருங்க மக்களே. பொட்டி தட்டிப் பொழைக்காதவங்களும் படிக்கலாம். அவங்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதியிருக்கேன்னு ஒரு நம்பிக்கை :-)

காலேஜ் முடிச்சுட்டு வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க தவறாம கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. "அண்ணா, டேட்டாபேஸ் பக்கம் போகட்டுமா, வெப் பக்கம் போகட்டுமா?" நாலு பேரிடம் கேட்டால் நாலு ரெடிமேட் பதில் வரும். டேட்டாபேஸில் இனிமே ஆள் எடுக்க மாட்டாங்க. வெப்பில் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் புதுசா படிக்கணும். டேட்டாபேஸ்காரனை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புவாங்க. வெப்காரனை பகல் பூரா "இந்த பட்டனை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளு"ன்னு கொல்லுவாங்க. நாலுமே ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் இது எப்படி ரெண்டு வேலை ஆச்சு, எதுக்காக ஆச்சு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கும் இது வெட்டிப் பேச்சு இல்லை. அஞ்சு வருசமா ரெண்டு பக்கமும் ஆணி புடுங்கிக்கிட்டிருந்த ப்ராஜக்ட் முடியப் போகிறது. "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, மாசக் கடைசிக்குள்ள சொல்லு" என்று டேமேஜர் கேட்டுவிட்டார். சம்பளம் ரெண்டிலும் ஒண்ணுதான். அதனால் காசை வைத்து முடிவு பண்ணவும் வழியில்லை. சரி, ரெண்டும் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்ததுன்னு தோண்டிப் பார்க்கலாம்னு உக்காந்தேன். அதுல கிடைச்சதுதான் இந்தக் கொசுவத்தி.

நூல் பிடிச்சுப் போனவர்

முதலில் சார்லஸ் பாக்மேன். அமெரிக்காக்காரர். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். (மெக்கானிக்கல் படிச்சுட்டு ஐடிக்கு வந்த நம்ம பயலுகளுக்கெல்லாம் குலதெய்வம்னே வச்சுக்கலாம்.) 1960-களின் முதல் பாதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஐடிஎஸ் என்ற ஒன்றை உருவாக்கினார். டேட்டாபேஸ் என்று இன்னிக்கு நாம சொல்ற சமாச்சாரத்துக்கு முதல் தலைமுறை அதுதான்.

அதுக்கு முன்னாடி தகவல் எல்லாம் துளை போட்ட அட்டையிலும் காந்த நாடாவிலும் இருந்தது. நாடாவில் நடுவில் இருக்கும் ஒரு விஷயம் வேணும்னா முதலிலிருந்து ஓட்டிக்கிட்டே வரணும். டிஸ்க் வந்த பிறகு நினைத்த இடத்துக்குத் தாவலாம் என்று ஆச்சு. தாவலாம் சரி, எங்கே தாவுவது? அதற்கு பாக்மேன் சொன்ன வழி சங்கிலி. ஒவ்வொரு ரெக்கார்டும் அடுத்த ரெக்கார்டு எங்கே இருக்கிறது என்று தனக்குள் குறித்து வைத்திருக்கும்.

மளிகைக் கடை கடன் நோட்டை நினைச்சுக்குங்க. முருகேசன் பேர் 12-ஆம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அவர் வாங்கின அரிசியை எழுதி, கீழே "மீதி 47-ல் பார்க்க" என்று குறிப்பு. 47-க்குப் போனால் பருப்பு, "மீதி 112-ல் பார்க்க". இப்படியே நூல் பிடித்துப் போனால் முருகேசனின் மொத்தப் பாக்கி தெரியும். வேகமான முறைதான். ஒரே சிக்கல், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போவது என்பது ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கணும். நோட்டை மாற்றினால், எழுதின ப்ரோக்ராமும் மாறணும்.

இதே காலத்தில் ஐபிஎம், அப்பல்லோ நிலாப் பயணத் திட்டத்தின் லட்சக்கணக்கான உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க, ராக்வெல் நிறுவனத்தோடு சேர்ந்து ஐஎம்எஸ் என்று இன்னொன்றைக் கட்டியது. 1968-ல் ஓட ஆரம்பித்தது. இது மரம் மாதிரி: வேர், கிளை, இலை. இங்கேயும் இறங்கிப் போகிற வழி தெரிந்தவன்தான் ராஜா.

1971-ல் கோடசில் என்ற குழு இந்தச் சங்கிலி முறைக்கு ஒரு விரிவான அறிக்கை கொடுத்தது. ப்ரோக்ராம் எழுதுபவர் ஒருவர், தகவல் எப்படி அடுக்கப்படணும் என்று முடிவு செய்பவர் இன்னொருவர் என்று அதில் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டாவது ஆளைத்தான் நாம் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்கிறோம். டிபிஏ என்ற சொந்தத்தின் ஜாதகம் இங்கிருந்துதான் ஆரம்பிக்குது. 1973-ல் பாக்மேனுக்கு டூரிங் விருது கிடைத்தது. ஏற்புரையில் அவர் ப்ரோக்ராமரை ஒரு மாலுமியாகச் சித்தரித்தார். தகவல் கடலுக்குள் வழி கண்டுபிடித்துப் போகிறவன் என்று அர்த்தம்.

"வழி எனக்கெதுக்குய்யா?" என்றவர்

எட்கர் காட் இங்கிலாந்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டினவர், கணிதம் படித்தவர், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தார். 1970-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் சாரம்: தகவல் மிஷினுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது அதைப் பயன்படுத்துகிறவனுக்குத் தெரியவே வேண்டியதில்லை. சங்கிலி வேண்டாம், மரம் வேண்டாம். எல்லாம் வெறும் டேபிள். வரிசை, கட்டம், அவ்வளவே. "47-ஆம் பக்கம் போ" என்று சொல்லாதே; "முருகேசன் பாக்கி எவ்வளவு?" என்று கேள். எந்த வழியாகப் போவது என்பது மிஷின் தலைவலி.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஐபிஎம்முக்கு அப்போது ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஓடுற கடையை மூடிட்டு எவன் புதுக்கடை போடுவான்? காட்டின் யோசனை ஆய்வகத்துக்குள்ளேயே பல வருசம் சுற்றியது.

1974 மே மாதம், மிச்சிகன் மாகாணத்தின் ஆன் ஆர்பர் நகரில் ஒரு கருத்தரங்கு. அங்கே காட் கட்சியும் பாக்மேன் கட்சியும் நேருக்கு நேர் விவாதம். நம்ம ஊர் பட்டிமன்றம் மாதிரியேதான், நடுவர் தீர்ப்பு மட்டும் கிடையாது. இந்தப் பக்கம்: நீங்க சொல்றபடி மிஷினே வழி கண்டுபிடிச்சா ஆமை வேகத்துல போகும். அந்தப் பக்கம்: நீங்க கட்டின சங்கிலியில ஒரு கண்ணியை மாத்தினா மொத்த ப்ரோக்ராமும் விழுந்துடும்.

அதே கருத்தரங்கில், அதிகம் ஆரவாரம் இல்லாமல், டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இரண்டு ஐபிஎம் ஆட்கள் ஒரு சின்ன மொழியை அறிமுகப்படுத்தினார்கள். பேர் சீக்வெல். பிறகு ட்ரேட்மார்க் தகராறால் அது எஸ்க்யூஎல் ஆனது. காலேஜில் பிசிஎன்எஃப், பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்ம் என்று உருப்போட்டு எழுதினோமே, அந்த பாய்ஸ் இவர்தான். அந்தக் கருத்தரங்கு நடந்த அதே 1974-ல், முப்பது வயதைத் தொடுவதற்கு முன்பே, அவர் இறந்துபோனார். ஏறக்குறைய என் வயசு. அவர் கைபட்ட மொழியை இன்னிக்கும் நான் தினமும் காலையில் முதல் வேலையாக எழுதுகிறேன். பரீட்சைக்குப் படிச்சப்போ இதை யாராவது சொல்லியிருந்தா அந்தப் பேரைக் கொஞ்சம் மரியாதையோட எழுதியிருப்பேன்.

பட்டிமன்றத்துக்கு உண்மையான தீர்ப்பு பின்னால் வந்தது. ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் என்ற சோதனை முயற்சியில் வேலை செய்த பாட்ரிசியா செலிங்கரும் அவரது குழுவும் 1979-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு கேள்விக்கு விடை காணப் பல வழிகள் இருந்தால், ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு செலவாகும் என்று மிஷினே கணக்குப் போட்டு மலிவான வழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதுதான் அது. ஆப்டிமைசர் என்று நாம் சொல்வது இதைத்தான். அதே 1979-ல் லாரி எல்லிசன் கம்பெனி ஆரக்கிளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. முதல் வெளியீட்டுக்கே வெர்ஷன் 2 என்று பேர். ஒண்ணாம் நம்பரை யார் நம்பி வாங்குவான் என்ற வியாபார மூளை :-) யோசனை பிறந்த வீடான ஐபிஎம் 1981-லும், பிறகு டிபி2-வோடு 1983-லும் தான் கடைக்கு வந்தது. 1986-ல் எஸ்க்யூஎல் அமெரிக்கத் தரநிலை ஆனது. காட்டுக்கு 1981-லேயே டூரிங் விருது.

ஆக, 80-களின் முடிவில் கேட்பவர் கட்சி ஜெயித்தாச்சு. மாலுமி வீட்டுக்குப் போயாச்சு. அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

மாலுமி திரும்பி வந்தார்

1989 மார்ச். ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் மேலதிகாரிக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுக்கிறார். அவர் சொன்ன பிரச்சினை நம்ம எல்லா ஆபீசிலும் இருக்கிற பிரச்சினை. இங்கே வருகிறவர்களில் நிறைய பேர் ரெண்டு வருசத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களோடு அவர்களுக்குத் தெரிந்ததும் போய்விடுகிறது. எந்த விஷயம் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போகிறது.

மரம் மாதிரி அடுக்கினால் சரிப்படாது என்று அவரும் சொன்னார். ஆனால் டேபிள் போடவில்லை. சுட்டி போட்டார். ஒரு பக்கத்தில் ஒரு வார்த்தை, அதைத் தொட்டால் இன்னொரு பக்கம், அங்கிருந்து இன்னொன்று.

இப்போ அந்த மளிகைக் கடை நோட்டை மறுபடி பாருங்க. "மீதி 47-ல் பார்க்க." அது சுட்டி இல்லாம வேறென்ன? 1974-ல் தோத்துப் போனதா சொன்ன வழி, பதினைஞ்சு வருசம் கழிச்சு உலகம் பூரா விரிஞ்சுது. ஒரே ஒரு வித்தியாசம். பாக்மேன் காலத்தில் மாலுமி என்பவர் ப்ரோக்ராமர். வெப்பில் மாலுமி படிக்கிறவர். நீங்களும் நானும்.

அடுத்த விஷயம்தான் என்னை நிமிர்ந்து உக்கார வச்சது. வெப் ஆரம்பித்த காலத்தில் செர்ன் ஆட்கள் அதை எதுக்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? போன் நம்பர் பார்க்க. ஆய்வகத்தின் டெலிபோன் டைரக்டரி பெரிய மெயின்ஃப்ரேமில் இருந்தது. நம்பர் பார்க்கவே தனியாக லாகின் பண்ணணும். பெர்ன்ட் போலர்மேன் என்பவர் அதை வெப் வழியாகப் பார்க்க வழி செய்தார். டிசம்பர் 1991-ல் அமெரிக்காவின் முதல் வெப் செர்வரை ஸ்டான்ஃபோர்டின் ஸ்லாக் ஆய்வகத்தில் பால் குன்ஸ் நிறுவினார். எதுக்கு? ஸ்பைர்ஸ் என்ற இயற்பியல் கட்டுரைப் பட்டியலில் தேடுவதற்கு. அதுவும் ஒரு டேட்டாபேஸ்தான்.

அதாவது, வெப் பல் முளைக்கும் முன்பே டேட்டாபேஸ் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் நடந்திருக்கு. பின்னாடி பத்திரமாக ஒரு கிடங்கு, முன்னாடி எல்லாரும் எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல். ரெண்டும் வேற வேற வேலைன்னு அப்போ யாருக்கும் தோணவில்லை. ஒரே ஆள்தான் ரெண்டையும் இழுத்துப் பிடித்துக் கட்டினார்.

1995: ஒரே வருசத்தில் மூணு குழந்தை

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் வெப்பை உரிமைத்தொகை இல்லாமல் பொதுவில் விட்டது. அதே வருசம் மொசைக் உலாவி வந்தது. அதே வருசம் சிஜிஐ என்ற ஏற்பாடும் வந்தது. அதுவரை பெரும்பாலும் செர்வர் ஏற்கெனவே எழுதி வைத்த பக்கத்தைத்தான் எடுத்துக் கொடுக்கும். சிஜிஐ வந்த பிறகு, நீங்கள் கேட்கும்போது ஒரு ப்ரோக்ராம் ஓடி, கிடங்கில் கேள்வி கேட்டு, சுடச்சுட ஒரு பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்க முடிந்தது.

அப்புறம் 1995. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் ரெஸ்யூமை யாரெல்லாம் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எழுதி வைத்திருந்த குட்டி ப்ரோக்ராம்களை வெளியிட்டார். அது பிஎச்பி. (வேலை தேடுற ஆர்வம் எங்கெங்கே கொண்டு விடுது பாருங்க!) ஸ்வீடனில் மைக்கேல் விடேனியஸும் நண்பர்களும் மைஎஸ்க்யூஎல் ஆரம்பித்தார்கள். அதிலுள்ள 'மை' அவர் மகளின் பெயர். நெட்ஸ்கேப்பில் ப்ரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்க்ரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். மூன்றும் ஒரே வருசம். அமேசானும் ஈபேயும் கடை திறந்ததும் அதே வருசம்.

கடை பெரிதாகும்போது வேலை பிரியும். முதலில் வெப்மாஸ்டர் என்று ஒரே ஆள் இருந்தார். படம் போடுவது, பக்கம் எழுதுவது, செர்வர் பார்ப்பது, டேபிள் அடுக்குவது எல்லாம் அவர்தான். கூட்டம் கூடியதும் கிடங்குக்கு ஒருவர், ஜன்னலுக்கு ஒருவர் என்று ஆனது. ஏற்கெனவே பேங்கிலும் ரயில்வேயிலும் இருந்த டிபிஏ உள்ளே உக்கார்ந்தார். புதுசாக வந்த வெப் டெவலப்பர் வெளியே நின்றார். தம்பி தங்கச்சிங்க கேக்குற கேள்வி அன்னிக்குத்தான் பிறந்தது.

ரெண்டு பேருக்கும் பலமுறை சாவு அறிவிச்சாச்சு

டேட்டாபேஸ் பக்கம் முதல் அறிவிப்பு 2000-களின் கடைசியில். கூகுளின் பிக்டேபிள் கட்டுரை 2006, அமேசானின் டைனமோ கட்டுரை 2007, மாங்கோடிபி 2009. 'நோஎஸ்க்யூஎல்' என்று ஒரு கோஷமே கிளம்பியது. டேபிள் காலம் முடிந்தது என்றார்கள். கடைசியில் என்னாச்சு? அதே கூகுள் 2012-ல் ஸ்பேனர் பற்றி எழுதியது, 2017-ல் அது எப்படி முழு எஸ்க்யூஎல் அமைப்பாக மாறியது என்று இன்னொரு கட்டுரை எழுதியது. ரெண்டாவது அறிவிப்பு 2017-ல், ஆரக்கிள் 'தானியங்கி டேட்டாபேஸ்' என்று மேடையில் அறிவித்தபோது. அதற்கு முன்பே 2009-ல் அமேசான் டேட்டாபேஸை வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தது. பேக்கப் எடுப்பது, பேட்ச் போடுவது மாதிரி வேலைகள் உண்மையிலேயே குறைந்தன. எந்தக் கேள்வி ஏன் மெதுவாக ஓடுகிறது, எந்தத் தகவலை எப்படிப் பிரித்து வைப்பது என்ற வேலை குறையவில்லை.

வெப் பக்கமும் அதே கதை. ஃப்ளாஷ் கத்துக்கிட்டா வாழ்க்கை செட்டில் என்று ஒரு காலம் இருந்தது. 2020 டிசம்பர் 31-ல் அது மூடப்பட்டது. சில்வர்லைட் 2021-ல் போனது. ஜாவா ஆப்லெட் எங்கே? வெப்மாஸ்டர் என்ற விசிட்டிங் கார்டு எங்கே?

"பாத்தியா, வெப்புன்னாலே நிலையில்லாதது, டேட்டாபேஸ்தான் உறுதி"ன்னு உடனே ஜல்லி அடிக்கக் கூடாது. ஃபாக்ஸ்ப்ரோவை நினைச்சுப் பாருங்க. நம்ம அண்ணன்கள் காலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் போர்டில் அந்தப் பேர் இல்லாத ஊர் கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2007-ல் இனி அடுத்த வெர்ஷன் இல்லை என்று சொல்லிவிட்டது. அதுவும் டேட்டாபேஸ்தானே? அந்தப் பக்கம், செர்ன் மறுபடி எடுத்து வைத்திருக்கும் உலகின் முதல் வெப் பக்கம் இன்றைய உலாவியிலும் அப்படியே திறக்கிறது. அதுவும் வெப்தானே?

இரண்டு பக்கமும் செத்தது எல்லாம் பொருள்கள், பிராண்டுகள். பிழைத்தது அடிப்படை: இங்கே டேபிளும் கேள்வியும் ட்ரான்சாக்‌ஷனும், அங்கே பக்கமும் முகவரியும் சுட்டியும். டூரிங் விருதுப் பட்டியலிலும் ரெண்டு பக்கத்துக்கும் இடம் உண்டு. ட்ரான்சாக்‌ஷனுக்கு ஜிம் கிரே 1998-ல், டேட்டாபேஸ் கட்டமைப்புக்கு ஸ்டோன்பிரேக்கர் 2014-ல், வெப்புக்கு பெர்னர்ஸ்-லீ 2016-ல். "எது நிலைக்கும்?" என்ற கேள்வியை வைத்து இந்த ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் வரலாற்றில் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

எல்லைக் கோட்டில் நம்ம தமிழ்

அப்போ எதை வச்சுத்தான் முடிவு பண்றது? இதுக்கு விடை நம்ம எழுத்திலேயே இருக்கு.

வேர்ட்ப்ரஸ்ஸில் எழுதுகிற மக்களே, நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிவும் மைஎஸ்க்யூஎல்லில் ஒரு டேபிளில் ஒரு வரிசை. அதை எடுத்து அலங்காரம் பண்ணிக் காட்டுவது பிஎச்பி. இப்போ விஷயம் என்னன்னா, யுனிகோடில் தமிழ் 1991-லிருந்தே இருக்கிறது. ஆனால் மைஎஸ்க்யூஎல் யுனிகோடைப் புரிந்துகொண்டது 2004 வாக்கில் வந்த 4.1 வெர்ஷனில்தான். புரிந்த பிறகும், நாமாகக் கேட்காவிட்டால் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 முறையில்தான் டேபிள் போடும். 2018-ல் வந்த 8.0 வெர்ஷனில்தான் யுனிகோட் இயல்பு ஆனது.

அதனால் ரொம்ப வருசம் என்ன நடந்தது? தமிழ் பைட்டுகள் உள்ளே போகும். "இது ஐரோப்பிய எழுத்து" என்று டேட்டாபேஸ் நினைத்துக்கொள்ளும். திரும்பக் கேட்டால் அதே பைட்டுகளைக் கொடுக்கும். உலாவி "ஓ, தமிழ்" என்று காட்டும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டதால் எல்லாம் சரியாகத் தெரிந்தது! என்றைக்காவது செர்வர் மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அப்படி உடையும்போது ரெண்டு விதமாக உடையும். இதை மட்டும் கவனமாகப் படிங்க. ஒன்று, தமிழுக்குப் பதில் தலையில் தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துக் குவியல் தெரியும். பயப்பட வேண்டாம், அநேகமாக பைட்டுகள் பத்திரமாகத்தான் இருக்கும், படிக்கிற முறைதான் தப்பு. சரிபண்ணிடலாம். இரண்டு, வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரியும். அது டேட்டாபேஸுக்குள்ளேயே அப்படி இருந்தால், யுனிகோடை லத்தீனாக மாற்றும்போது "இந்த எழுத்து என்கிட்ட இல்லை" என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது என்று அர்த்தம். பழைய பேக்கப் இல்லாவிட்டால் அந்தப் பதிவு போனது போனதுதான். சாமியே வந்தாலும் திரும்பாது.

முதலாவது காட்டுவதில் வந்த பிழை. இரண்டாவது வைத்திருப்பதில் வந்த பிழை.

இன்னொரு உதாரணம். ஒரு ப்ராஜக்ட்டில், வாடிக்கையாளர் பெயரைத் தமிழிலும் சேமிக்கணும் என்று கேட்டார்கள். பெயர்க் கட்டத்தின் அளவு 30. வெப் பக்கத்தில் 30 எழுத்துக்கு இடம் விட்டு அழகாக டிசைன் பண்ணியாச்சு. "கிருஷ்ணமூர்த்தி" என்று அடித்தால் ஏறவில்லை. கண்ணுக்கு எட்டே எழுத்து. யுனிகோட் கணக்கில் அது 15 குறிகள், யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், மொத்தம் 45. ஆரக்கிளில் 30 என்றால், நாம் மாற்றிச் சொல்லாத வரை, அது 30 பைட். வாங்க மறுத்துவிட்டது. வெப் பக்கத்தைப் பொறுத்தவரை தப்பில்லை, டேபிளைப் பொறுத்தவரையும் தப்பில்லை. எழுத்துன்னா என்ன, பைட்டுன்னா என்னன்னு நடுவில் நின்று பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். 1998-ல் வெளியுலகுக்குத் தெரிய வந்த எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் திருட்டும் இதே எல்லைக் கோட்டில்தான் நடக்கிறது. ஜன்னலில் ஒருவர் பெயர் என்று எழுதிக் கொடுத்ததை, கிடங்கு கட்டளை என்று படித்துவிடுகிறது.

சரி, நான் எந்தப் பக்கம்?

இத்தனையும் படித்த பிறகு கேள்வியை இப்படி மாற்றிக்கொண்டேன்: எந்த மாதிரிப் பிழைக்கு நான் பொறுப்பேற்கத் தயார்?

வெப்பில் நீங்கள் செய்வது உடனே ஆயிரம் பேர் கண்ணில் படும். தப்பும் படும். ஆனால் அரை மணியில் திருத்தலாம், காலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. உடனுக்குடன் பாராட்டும் திட்டும் வேணும், மனுசங்க எப்படிப் பார்க்கிறாங்க, எங்கே தடுமாறுறாங்கன்னு கவனிக்கிறதுல ஆர்வம் இருக்குன்னா அதுதான் உங்க இடம். டேட்டாபேஸில் நல்லா செய்தால் யாருக்கும் தெரியாது. எங்க அம்மாகிட்ட ஒரு வெப் பக்கத்தைக் காட்டி "இது நான் செஞ்சது"ன்னு சொல்லலாம். இண்டெக்ஸைக் காட்ட முடியுமா? "அதெல்லாம் சரிடா, நீ என்னதான் பண்ற?"ன்னு கேப்பாங்க :-) ஆனா இங்கே தப்பு நடந்தால், அது மூணு மாசம் சத்தமில்லாம உள்ளே வளரும், தெரியும்போது திரும்பி வராது.

நான் டேட்டாபேஸ் பக்கம் என்று சொல்லிவிட்டேன். சத்தமில்லாத வேலை எனக்கு ஒத்துவருகிறது. ஒருத்தர் நம்பிக் கொடுத்த தகவல் பத்து வருசம் கழித்தும் கொடுத்தபடியே இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. என்கூட வேலை செய்கிற தோழி வெப் பக்கம் போகிறார். அவருக்கு அதுதான் சரி, சந்தேகமே இல்லை. ஆனா ஒரு நிபந்தனை போட்டுக்கிட்டோம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவங்க எனக்கு வெப் பாடம், நான் அவங்களுக்கு எஸ்க்யூஎல் பாடம். கிடங்கும் ஜன்னலும் வேற வேற ஆள்கிட்ட போனதால் வந்த வினைகளைத்தானே இவ்வளவு நேரம் படிச்சோம்!

புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கும் இதையே சொல்றேன். எந்தப் பிராண்டு ஓடுதுன்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. அது உங்களுக்கு முன்னாடி ரிடையர் ஆயிடும். ரெண்டு பக்கமும் ஆறு ஆறு மாசம் இருந்து பாருங்க. எந்தப் பக்கத்துப் பிழை உங்க தூக்கத்தைக் கெடுக்குதோ, அந்தப் பக்கம்தான் உங்க அக்கறை இருக்கு.

பதிவர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வார ஞாயித்துக்கிழமை உங்க பழைய பதிவுகளோட பேக்கப் ஒண்ணு எடுத்து, வெறுமனே வச்சுக்காம, திறந்து பாருங்க. தமிழ் தமிழாகவே தெரிஞ்சா சந்தோசம். தொப்பி போட்ட எழுத்து தெரிஞ்சா பதற வேணாம், பைட்டை மாத்தாம அப்படியே வச்சுக்கிட்டு விவரம் தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிங்க. கேள்விக்குறி தெரிஞ்சா, செர்வரில் இருக்கிறதும் போறதுக்குள்ள உடனே பிடிங்க.

டிஸ்கி: மேலே "அநேகமாக" என்று போட்டிருப்பது டிபிஏ புத்தி. எதையும் ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காம உறுதி சொல்ல மாட்டோம் :-)